நிறுத்தவர்

பர்கா. மாலை ஷிஃப்ட், இரண்டாவது டீ.
குழாய்க்குள் கடல் வந்துகொண்டிருக்கிறது.
வாட்ஸ்அப்பில் மகளின் குரல்:
"அப்பா, நாளைக்குப் பேச்சுப்போட்டி.
தியாகியோட அப்பா பேர் என்ன, அம்மா பேர் என்ன?
புஸ்தகத்துல போடல.
நாம சொந்தந்தானே, உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும்.
அவருடைய தம்பியின் பேரன் நான்.
தேசத் தலைவர்கள் பாடத்தில் அவருக்கு அரைப்பக்கம்,
ஒரு படம், பிறந்த ஊர், சிறை சென்ற ஆண்டு.
எங்களுக்கு வருஷத்தில் ஒரு நாள்
சிலைக்கு எதிரே முன்வரிசையில்
இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி.

டைப் செய்தேன்:
சட்டநாதன். தையல்நாயகி.
அனுப்பாமல் விரல் நின்றது.

அபிராமி,
அவருடைய அப்பா
வெள்ளைக்காரனின் உப்பு இலாகாவில்
எடை போடுகிறவர்.
மாதம் பதினோரு ரூபாய், காக்கித் தலைப்பாகை,
பித்தளைத் தராசு.
அந்தச் சம்பளத்தில்தான் தியாகி
நான்காம் ஃபாரம் வரை படித்தார்.
இங்கிலீஷில் திட்டக் கற்றதும் அங்கேதான்.

மண்சட்டியில் அவர் கடல்நீரைக் காய்ச்சிய அன்று
போலீஸ் சட்டியோடு ஆளைக் கொண்டுவந்து
சால்ட் ஆபீஸ் வாசலில் நிறுத்தியது.
பிடிபட்ட உப்பை நிறுக்க வேண்டும், சட்டம்.
நிறுக்க வேண்டியவர் அப்பா.

ஊரில் இதற்கு ஒரு கதை உண்டு:
தராசை வீசி எறிந்தார்,
வந்தே மாதரம் என்று கத்தினார்.
போன வருஷம் கலெக்டர் வந்தபோதும்
அதைத்தான் பேசினார்கள்.
நாங்களும் கைதட்டினோம்.

வீட்டுக் கதை வேறு.
நிறுத்தார்.
ஈர உப்பு, எடை கூடக் காட்டும் என்று சொல்லி
வெயிலில் உலர்த்தச் சொன்னார்.
இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றான்.
அரை மணி நேரம்.
மகனுக்காக அவரால் முடிந்தது அவ்வளவுதான்.
காய்ந்த பிறகு எட்டுப் பலம் இருந்தது.
எட்டு என்றே எழுதினார்.
ஏழு என்று எழுதவில்லை.
மகன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

தையல்நாயகி ஒன்றும் கேட்கவில்லை.
மறுநாள் குழம்பில் உப்பில்லை.
அதற்கு மறுநாளும்.
பதினான்கு மாதம்
மகன் திருச்சி ஜெயிலில் இருந்த அத்தனை நாளும்
உப்பு இலாகாக்காரன் வீட்டில்
உப்பு ஜாடி கவிழ்ந்து கிடந்தது.
சட்டநாதன் சாப்பிட்டார்,
ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல்.
சாப்பிட்டுவிட்டு ஆபீசுக்குப் போனார்.
வேலையை விட்டிருந்தால்
அவருக்கும் ஒரு சிலை வந்திருக்கலாம்.
என் தாத்தாவும் மூன்று அத்தைகளும்
என்ன தின்றிருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

விடுதலையாகி வந்த அன்று
ஜாடியை நிமிர்த்தினாள்.
கை அளவு மறந்துபோயிருந்தது.
முதல் கவளத்தை வாயில் வைத்தவர்
"கரிக்குது" என்றார்.
பக்கத்து இலையிலிருந்து அப்பா,
"எவ்வளவு?" என்று கேட்டார்.
பதினான்கு மாதத்துக்குப் பிறகு
அவர்கள் பேசிக்கொண்டது அது.
தையல்நாயகிதான் முதலில் சிரித்தாள் என்கிறார்கள்.
அழுதாள் என்றும் சொல்வதுண்டு.

இவ்வளவையும் எழுதவில்லை.
மூன்று வரி மட்டும் அனுப்பினேன்:
இரண்டு பெயர்,
கீழே, உப்பு இலாகா, எடை போடுபவர், எட்டுப் பலம்.

பேனலில் எண்கள் ஓடுகின்றன.
கடலிலிருந்து உப்பைப் பிரித்துத்
தண்ணீரை ஊருக்கு அனுப்புகிறோம்.
மிஞ்சிய உப்புநீரைக் கடலுக்கே திருப்பிவிடுகிறோம்,
மணிக்கு எத்தனையோ டன்.
வழியில் யாரும் மறிப்பதில்லை.

போன் அதிர்ந்தது.
"அப்பா, பலம்னா எத்தனை கிராம்?"

லாக் புத்தகத்தின் ஓரத்தில்
பெருக்கிப் பார்த்தேன்.
முந்நூறுகூட வரவில்லை.